கத்துக்குட்டியின் கை அல்ல

அந்தக் காரின் வெள்ளைக்கு நிறுவனம் ஒரு பெயர் வைத்திருந்தது. அதில் பனி வருமா முத்து வருமா என்பது இப்போது எனக்கு உறுதியாக நினைவில்லை. நிறம் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் இதைச் சொல்வது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. வேறு சில இடங்களிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. என் மைத்துனன் சிரித்தது முதலிலா, நான் முடிவெடுத்தது முதலிலா என்று கேட்டால் தடுமாறுவேன். அவன் சிரித்த பிறகுதான் முடிவெடுத்தேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். நடுவில் நான் பேசாமல் இருந்தால் எதையோ மறைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது என் பழக்கம். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி சொல்வாள், "இவர் வாயிலேர்ந்து வார்த்தையப் பிடுங்கறதுக்கு ஒரு கடவாப்பல்லையே பிடுங்கிடலாம்" என்று. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வேன்.

நான் பல் செய்கிறவன். மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நாங்கள் எங்கள் வேலைக்கூடத்தில் அந்த அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகு வைத்து, பல்லாக்கி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவோம். வாய் யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. பக்கத்துப் பல் என்ன நிறம் என்று மட்டும் குறித்து அனுப்புவார்கள். நீங்கள் வெள்ளை என்று ஒரே சொல்லில் சொல்வதை நான் சாம்பல் ஏறிய வெள்ளை, பால் வெள்ளை, மஞ்சள் அடியோடிய வெள்ளை என்று பிரித்துப் பிரித்துப் பார்ப்பேன். இந்த ஊரில் எத்தனையோ பேர் என் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை. நல்ல பல் என்றால் அது யாரோ செய்தது என்பதே தெரியக்கூடாது. அதுதான் எங்கள் தொழிலின் பெருமை. அதுதான் அதன் எரிச்சலும்.

கூடத்தின் வாசலில் லாரிகள் உள்ளே வராமலிருக்க ஒரு தண்டவாளத் துண்டை நட்டு வைத்திருக்கிறார்கள். முழங்கால் உயரம். ஒரு நாள் மாலை வண்டியை வெளியே எடுக்கும்போது, திருப்பத்தை ஒடித்ததில் காரின் பக்கவாட்டு அதில் உரசியது. அங்கேயே நிறுத்திப் பின்னால் எடுத்திருந்தால் கீறலோடு போயிருக்கும். காவலாளி இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு "பின்னாடி சார், பின்னாடி" என்று கத்தினார். நான் முன்னால் எடுத்தேன். யாராவது கத்தினால் என் கை எதிர்ப்பக்கம்தான் போகும். தகரம் மடங்கும் சத்தம் நன்றாகக் கேட்டது. கம்பத்தை முழுதாகத் தாண்டிய பிறகுதான் நிறுத்தினேன்.

அடிபட்டது ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை இருக்கும் பக்கம். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே கூரையைத் தாங்கிக்கொண்டு ஒரு தூண் நிற்கும். கதவைத் திறந்தால்தான் முழுதாகத் தெரியும். அந்தத் தூணின் அடியும், அதற்குக் கீழே ஓடுகிற படியும் உள்ளே போயிருந்தன. கதவுகள் கீழ் ஓரத்தில் லேசாக நெளிந்ததோடு தப்பித்தன.

என் மனைவியின் தம்பி டிங்கரிங் பட்டறை வைத்திருந்தான். ஊர் வண்டியெல்லாம் தட்டி நிமிர்த்துகிறவனுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர். ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு வட்டக் காந்தம் எப்போதும் அவன் சட்டைப்பையில் இருக்கும். யார் வண்டி வாங்கினாலும் அவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். தகரத்தின் மேல் காந்தத்தை ஓட்டுவான். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் அவனுக்குக் காந்தம் என்றே பெயர். அவன் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவன் வந்து பார்த்தான். தரையில் மல்லாந்து படுத்து, ஸ்க்ரூடிரைவரால் படியின் அடியைச் சுரண்டினான். செதில் செதிலாகத் துரு கொட்டியது.

"அக்கா, மேல பாத்தா பள்ளம். உள்ள பாத்தா பிஸ்கட்."

"புரியற மாதிரி சொல்லுடா," என்றாள் அவள்.

"அத்தான் இடிக்கறதுக்கு முன்னாடியே துரு இடிச்சிருச்சு. இந்தத் தூணோட அடிய அறுத்து எடுத்துட்டு, புதுத் தகரம் வெச்சுப் பத்த வைக்கணும். வண்டிய என்கிட்ட விடுங்க. காசெல்லாம் வேணாம். அத்தான் எனக்கு ஒரு தங்கப்பல்லு கட்டிவிட்டாப் போதும்."

"நானே செஞ்சு பாக்கலாம்னு இருக்கேன்," என்றேன்.

அவன் படுத்த வாக்கிலேயே சிரித்தான். வயிறு குலுங்கியது. "அத்தான், இது பல்லு இல்ல. வண்டி. இதுக்குள்ள மனுஷன் உக்காருவான்."

என் மனைவியும் சிரித்தாள். பெரிதாக இல்லை. டீ கிளாஸை வாங்கிக்கொண்டே சிரித்தாள். பிறகு, "பட்டறைல குடுத்துச் சரி பண்ணாம நான் அந்த வண்டில ஏறமாட்டேன்," என்றாள்.

வீட்டில் செய்வதா வெளியில் கொடுப்பதா என்பதை நான் ஆத்திரத்தில் முடிவு செய்யவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் நிதானமாக எடைபோட்டேன். மைத்துனன் தகரத்தில் கெட்டிக்காரன். மறுக்கவில்லை. ஆனால் நிறத்தில் அவன் பாதிக் குருடன். அவன் பட்டறையிலிருந்து போகிற வண்டிகளை நான் வெயிலில் பார்த்திருக்கிறேன். ஒட்டுப்போட்ட கதவு ஒரு சாயலாகவும் மற்றதெல்லாம் ஒரு சாயலாகவும், தெருமுனையில் வரும்போதே தெரியும். அவனிடம் சொன்னால், "கழுவி ரெண்டு மாசம் ஓடினா எல்லாம் ஒண்ணாயிடும் அத்தான்" என்பான். ஆகாது. என் வண்டியில் அப்படியொரு திட்டைப் பார்த்துக்கொண்டு தினமும் ஏறி இறங்க என்னால் முடியாது. அவனிடம் கொடுத்தால் தூண் பலமாக இருக்கும், பார்க்கச் சகிக்காது. நான் செய்தால் பார்க்க ஒரு குறையும் இருக்காது. தூணும் போதிய அளவு பலமாக இருக்கும் என்று நினைத்தேன். போதிய அளவு என்பது எவ்வளவு என்று அப்போது என்னை யாரும் கேட்கவில்லை.

மனைவியிடம் நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய பட்டறையில் விட்டிருப்பதாகச் சொன்னேன். தம்பி இருக்கும்போது வெளியில் கொடுத்தேன் என்று இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவன்தான் போன் செய்தான்.

"பரவால்ல அத்தான். உள்ளூர் ஆள நம்பமாட்டீங்க. அறுத்துத்தான் பத்த வைக்கணும்னு மட்டும் அங்க அழுத்திச் சொல்லிடுங்க. சில பேரு பட்டி அடிச்சு ஏமாத்திருவாங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

கூடத்தின் பின்புறம் ஜெனரேட்டர் இருந்த அறை காலியாகக் கிடந்தது. முதலாளியிடம் கேட்டுச் சாவி வாங்கினேன். வேலை முடிந்த பிறகும் விடுமுறைகளிலும் அங்கேதான் இருந்தேன். முதல் சிக்கல், தூணின் அடி சரியாக எந்த வடிவத்தில் இருந்தது என்பது. அடிபடாத பக்கத்தைப் பார்த்துச் செய்யலாம் என்றால் அது இடவலம் மாறியிருக்கும். எதிர்வீட்டில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடமும் அதே கார்தான், அதே வருடம். கூடத்திலிருந்து அச்செடுக்கிற பசையை எடுத்துக்கொண்டு போய் அவர் வண்டியின் கதவைத் திறந்து, தூணின் அடியில் பூசினேன். அவர் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"என்ன சார், என் காருக்குப் பல்லு கட்டப்போறீங்களா?"

"உங்க காருக்கு இல்ல. என் காருக்கு."

"கட்டுங்க, கட்டுங்க. கடிக்காமப் பாத்துக்குங்க."

அச்சு அற்புதமாக வந்தது. தூணும் படியும் சேருகிற அந்த வளைவு, நிறுவனம் அழுத்தி வைத்த மெல்லிய கோடு, எல்லாம் அப்படியே இருந்தன. எங்கள் தொழிலில் வடிவம் சரியாக வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதியை வாய் பார்த்துக்கொள்ளும். அந்த அச்சைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படித்தான் நினைத்தேன். வெளிப்பக்கத்தைத்தான் அச்செடுத்திருக்கிறேன் என்பது தெரியும். ஆனால் இத்தனை வருடமாக வெளிப்பக்கத்தை மட்டுமே செய்து, அதைக் கொண்டு ஊரே மென்று தின்பதைக் கேள்விப்பட்டவனுக்கு, உள்பக்கம் என்று ஒன்று தனியாக இருப்பது உறைக்கவில்லை.

உறைத்தது, உள்ளே பார்த்தபோது. தூணின் உள்மூடியைக் கழற்றினேன். சீட் பெல்ட் சுருண்டு கொள்கிற உருளை அங்கேதான் இருக்கிறது. கனமான ஒரு போல்ட்டில் தூணின் அடியோடு பூட்டியிருக்கிறார்கள். பெல்ட் முழுதும் அந்த ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. விரலால் தொட்டேன். போல்ட் தகரத்தோடு கையில் வந்துவிட்டது.

அங்கே நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதே வண்டியை இழுத்துக்கொண்டு மைத்துனனிடம் போயிருக்கலாம் என்று சொல்வீர்கள். யோசித்தேன். அவன் மல்லாந்து படுத்துச் சிரிப்பது கண்ணில் வந்தது. அதைவிட, அவன் சிரிக்காமல் இருந்துவிடுவானோ என்று தோன்றியது. "விடுங்க அத்தான், நான் பாத்துக்கறேன்" என்று தோளில் தட்டுவான். அது சிரிப்பைவிட மோசம்.

உடைந்த பல்லின் வேர் மட்டும் மிஞ்சியிருந்தால் அதற்குள் ஒரு ஊசியை நட்டு, சுற்றிலும் பிசின் வைத்து இறுக்கி, மேலே தொப்பி போடுவார்கள். பல வருடம் தாங்கும். அதையே செய்தேன். துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு, கம்பி வலையை மடித்து உள்ளே செலுத்தி, பொய்ப்பல் ஈறு செய்கிற பிசினைக் குழைத்து ஊற்றி, அதில் போல்ட்டை நட்டேன். இளஞ்சிவப்பாக இருக்கும் அந்தப் பிசின். மேலே மூடி வந்துவிடும் என்பதால் நிறத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. இறுகிய பிறகு இரண்டு கால்களையும் படியில் ஊன்றிப் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஓடுகிற வண்டி சட்டென்று நின்றால் உள்ளே இருக்கிற உடம்பு தன் எடையைப் போலப் பல மடங்கு எடையோடு முன்னால் போகும் என்பது எனக்குத் தெரியும். நான் நிறையப் படிக்கிறவன். அதையும் எங்கோ படித்திருந்தேன்.

வெளிவேலைதான் உயிரை வாங்கியது. பட்டி காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் சுரண்ட வேண்டும், ஈர உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஓரம் பள்ளமாகும், மறுபடி பட்டி. இரண்டாவது முறை பெயிண்ட் அடித்தபோது ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. எடுக்கப் போனால் கால்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. முழுவதையும் தேய்த்து எடுத்தேன். நிறம் வேறு படுத்தியது. பெயிண்ட் கடைக்காரன் நிற எண்ணைப் பார்த்துக் கலந்து கொடுத்த வெள்ளை புதுக்காருக்கான வெள்ளை. என் கார் பல வருட வெயில் குடித்தது. ஒரு துளி மஞ்சள், அதற்கும் குறைவாகக் கறுப்பு. பழைய கதவுக்கும் புதுத் தூணுக்கும் நடுவே கண்ணை வைத்துக்கொண்டு, காலை வெளிச்சத்தில் ஒன்று, மாலை வெளிச்சத்தில் ஒன்று என்று பார்த்தேன். இதற்கிடையே தினமும் வீட்டில் கேள்வி. "இன்னுமா முடியல? பெரிய பட்டறைன்னீங்க? பஸ்ல தொங்கறது நானில்ல?" எந்த இடத்தில் சிக்கியிருக்கிறேன் என்பதைக்கூட யாரிடமும் சொல்ல முடியாத வேலை அது. அவ்வளவு பிடிவாதமாக நான் எதையும் செய்ததில்லை. அவ்வளவு வெறுப்போடும் செய்ததில்லை.

பிறகு காந்தம். கூடத்துக்கு அடுத்த கடைசல் பட்டறையில் இரும்புத்தூள் குப்பையாகக் கிடக்கும். கொஞ்சம் அள்ளிவந்து சலித்து, மேல் பட்டியில் கலந்தேன். காந்தத்தை வைத்துப் பார்த்தேன். பிடித்தது. கொஞ்சம் கூடுதலாகவே பிடித்ததால் அடுத்த கலவையில் தூளைக் குறைத்தேன். அதில் நான் மகிழ்ச்சியாக இருந்தேனா என்று கேட்டால், ஆமாம், அந்த ஒரு மாலை இருந்தேன்.

வண்டி வீட்டுக்கு வந்தது. அவன் வந்து பார்த்தான். கதவைத் திறந்து, குந்தி உட்கார்ந்து, தூணின் அடியில் உள்ளங்கையை வைத்துத் தடவினான். கண்ணை மூடிக்கொண்டு தடவினான். பிறகு சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து மேலிருந்து கீழே ஓட்டினான். வழுக்கவில்லை. விரல் முட்டியால் தட்டினான். தூண் என்பது எப்போதுமே மொத்தையாகத்தான் ஒலிக்கும். வெயிலில் தள்ளி நின்று பார்த்தான். திரும்பக் கிட்டே வந்து பார்த்தான்.

"யாரு அத்தான் அந்த ஆளு? அந்தக் கையக் கண்ணுல ஒத்திக்கணும்."

நான் வண்டிக் கூரையின் தூசியைத் துடைத்தேன்.

"நான் இத்தன வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒட்டு எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு தெரியல. அக்கா, இங்க வா, உனக்குத் தெரியுதா?"

"எனக்குப் பழைய மாதிரிதான் இருக்கு," என்றாள் அவள்.

"அதான்க்கா வேலை." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான். "அறுத்துப் பத்த வெச்சாங்கள்ல?"

"வெச்சாங்க," என்றேன்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற இடம் இதுதான். ஒரே சொல். அப்போது வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். இல்லை என்று சொன்னால் அந்தப் பாராட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு மனிதன் என் வேலையைக் கண்ணெதிரே நின்று பாராட்டியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதுவும் இல்லாத ஒரு ஆளின் பெயரில். அவன் போன பிறகு வெகுநேரம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் பின் இருக்கையில் உட்காரத் தொடங்கினேன். வண்டியைப் பெரும்பாலும் என் மனைவிதான் ஓட்டுவாள். கம்பத்தில் இடித்த பிறகு சாவியை அவள் எனக்குக் கொடுக்கவும் இல்லை. "என்ன, முன்னாடி வரமாட்டீங்களா?" என்று கேட்டாள். படிக்கணும் என்றேன். புத்தகத்தை விரித்துக்கொண்டேன். யாரும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை.

மாமனார் பக்கவாதத்தில் படுத்திருந்தார். ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் வேறு ஊரில், அவருடைய தங்கை வீட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தம்பியும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அக்கா ஓட்ட, தம்பி பக்கத்தில் உட்காருவான். எதிரே வருகிற வண்டிகளையெல்லாம் திட்டிக்கொண்டு வருவான். "பார் பார், பம்பர் ஒரு கலரு, பானெட் ஒரு கலரு. எவன்டா அடிச்சான் உனக்கு?" "நீதான்டா அடிச்சிருப்ப," என்பாள் அவள். நான் சில வாரங்கள் போவேன், சில வாரங்கள் போகமாட்டேன். போகாத வாரங்களில் அவர்கள் திரும்பி வரும்வரை எதையும் படிக்க ஓடாது. வந்துவிடுவார்கள். ஒவ்வொரு வாரமும் அது தாங்கியது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரமே பிய்ந்துகொண்டு வந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவியும் வந்தாள். ஏழு மாதம். நேராக முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"முன்னாடி வேணாம்மா. பின்னாடி வா, காலை நீட்டிக்கலாம்," என்றேன்.

"பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வரும்ண்ணா."

"கண்ணாடிய இறக்கி விட்டுக்கோ. நான் பை வெச்சிருக்கேன்."

"அத்தான் சொன்னா கேளுடி," என்றான் காந்தம். "வாயே தொறக்காதவரு தொறந்து சொல்றாரு."

அவள் இறங்கிப் பின்னால் வந்தாள். அவன் முன்னால் உட்கார்ந்தான். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டான். அந்தச் சொடக்குச் சத்தம் எனக்குக் கேட்டது.

தெரிந்துதான் அவளைப் பின்னால் கூப்பிட்டீர்களா என்று கேட்டீர்கள். ஆமாம். தெரிந்துதான் நீங்களும் பின்னால் உட்கார்ந்தீர்களா என்று கேட்டீர்கள். ஆமாம். ஆனால் இதை என் மேல் குற்றமாக எழுதுகிறீர்கள், அதுதான் எனக்குப் புரியவில்லை. இரண்டு உயிரை நான் அந்த இருக்கையிலிருந்து எழுப்பியிருக்கிறேன். பிள்ளையையும் சேர்த்துச் சொல்கிறேன். உயிரின் அருமை தெரியாதவன் செய்கிற காரியமா அது? அவனையும் எழுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். பின் இருக்கையில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து முன் இருக்கையைக் காலியாக விட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. பெரிய வேகம் இல்லை. முன்னால் குழாய் ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. காந்தம் பாதி திரும்பி என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"அத்தான், அந்த ஆள எனக்கு ஒரு தடவை காட்டுங்களேன். சும்மா பாத்துட்டு வந்துடறேன். வேணும்னா என் பட்டறைக்கே கூப்பிட்டு வெச்சுக்கறேன். இப்படி ஒரு கை கிடைச்சா நான் தகரத்த மட்டும் பாத்துப்பேன், மேல் வேலைய அவரு பாக்கட்டும்."

சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். அந்த இருக்கையைப் பற்றி இல்லை. அது நான்தான் என்று. புத்தகத்தை மூடினேன். எப்படித் தொடங்குவது என்று வாக்கியத்தைக்கூட அமைத்துவிட்டேன். வாயைத் திறந்தேன். லாரி நின்றது. என் மனைவி பிரேக்கை மிதித்தாள், போதவில்லை.

அது பழைய கார். காற்றுப்பை எல்லாம் வராத காலத்தது. அவளுடைய பெல்ட் அவளைப் பிடித்தது. தோள்பட்டை எலும்பு உடைந்தது, அவ்வளவுதான். நாங்கள் இருவரும் முன் இருக்கைகளின் முதுகில் மோதிக்கொண்டோம். அவனுடைய பெல்ட் உருளையோடும் போல்ட்டோடும், அதைச் சுற்றி நான் வார்த்த பிசினோடும் தூணைவிட்டு வெளியே வந்து, அவன் மடிமேல் கிடந்தது. பல்லை வேரோடு எடுத்தால் இருக்குமே, அப்படி. அவன் முன்கண்ணாடியில் இருந்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரம் இருந்தான். கண் திறக்கவில்லை.

சொல்ல வந்ததை அவன் கேட்காமலே போனான். அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பட்டறை எது என்று உங்கள் ஆட்கள் கேட்டபோது நகரத்துக்கு வெளியே ஏதோ ஒன்று, பெயர் மறந்துவிட்டது என்றேன். தேடினார்கள். பிறகு ஒரு நாள் என்னையும் மனைவியையும் இந்தக் கட்டடத்துக்கே கூப்பிட்டார்கள். வண்டியைச் சோதித்த அதிகாரி மேஜைமேல் அந்தக் கட்டியை வைத்தார். போல்ட் நட்டபடியே இருந்தது. இளஞ்சிவப்பாக, சுத்தமாக, ஒரு விரிசல் இல்லாமல்.

"இதான்மா உங்க தம்பியோட பெல்ட்டப் பிடிச்சிட்டிருந்தது. இரும்பே இல்ல. எவனோ கத்துக்குட்டி செஞ்ச வேலை. தகரம்னா என்னன்னே தெரியாதவன்."

என் மனைவி அந்தக் கட்டியைப் பார்த்தாள். ஒரு கையைக் கட்டுப்போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். கட்டாத கையால் அதைத் தொடப் போனவள் தொடாமல் நிறுத்திக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து என் சட்டைகளிலிருந்து அந்த நிறத்தைத் தேய்த்துத் துவைக்கிறவள் அவள். அதிகாரி மறுபடி சொன்னார், கத்துக்குட்டி என்று.

"கத்துக்குட்டி இல்ல சார்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மேல் வேலையப் பாருங்க. நிறத்தப் பாருங்க. அதே தொழில்ல ஊறின ஒருத்தன் காந்தத்த வெச்சு ஓட்டிப் பாத்தும் கண்டுபிடிக்க முடியல."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"பட்டில இரும்புத்தூள் கலந்தது நான்தான்."

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானாகவே சொன்னேன். அந்தக் கட்டியைப் பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

மைத்துனன் இறந்துவிட்டான். அவன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, நன்றாக இருக்கிறதாம். பட்டறையை அவனிடம் வேலை பார்த்தவர் நடத்துகிறார். என் மனைவி தன் தம்பியின் வீட்டில் இருக்கிறாள். கை சரியாகிவிட்டது, வண்டி ஓட்டுவதில்லை. என்னைப் பார்க்க ஒரே ஒரு முறை வந்தாள். எதிரே உட்கார்ந்து, நேரம் முடியும்வரை பேசாமல் இருந்துவிட்டுப் போனாள். மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை. மகன் வெளியூரில் வேலையாக இருப்பதாக நம்புகிறார். எதிர்வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் தன் காரை விற்றுவிட்டார், அதில் ஒரு குறையும் இல்லாதபோதும். கூடத்தில் என் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்று. கார் உங்கள் வளாகத்தில் வெயிலில் நிற்கிறது.

என் பங்குக்கு நான் தவறு என்று ஒப்புக்கொள்வது ஒன்று உண்டு. பிசினை இன்னும் ஒரு நாள் காயவிட்டிருக்க வேண்டும்.